ஒன்றரை ஷிப்டும் ஒரு மாத்திரையும்

(திருப்பூர், பதினைந்து வேலம்பாளையத்தில் ஒரு ஞாயிறு மாலை, பனியன் தொழிலாளர்களிடையே ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை வைக்கச் சொன்னவன் நான்தான். மற்ற நாளில் வைத்தால் யார் வர முடியும்? காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருகிற ஊர் இது. இதைத்தான் ஒன்றரை ஷிப்ட் என்கிறோம் என்று வெளியூர்க்காரருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். பதினைந்து வேலம்பாளையத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் அது தெரியும். நோட்டீசில் என் தலைப்பைச் சர்க்கரை நோய் மாத்திரைகள் என்று போட்டிருக்கிறார்கள். நான் அந்த ஒன்றரை ஷிப்டையும் சேர்த்தே பேசப் போகிறேன். இந்த ஊரில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைப் பேச முடியாது.

34 ஆண்டு மருந்து கொடுத்தவன் நான். ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே நீண்ட வரிசை. ஒருவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி." இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேனோ. எதிரே நிற்பவர் காலையில் சாப்பிடுகிறாரா, சாப்பிட்டால் எத்தனை மணிக்கு என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குப் புரியவைத்தவர் என் சொந்த அண்ணன்.

அண்ணன் கட்டிங் மாஸ்டர். ஐம்பது வயதில் சுகர் வந்தது. காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அண்ணன் சொன்ன சொல் தவறாதவர். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மாத்திரையைப் போட்டுக்கொள்வார். ஷிப்மெண்ட் நெருங்கிய ஒரு வாரம் ஏழு மணிக்கே போக வேண்டியிருந்தது. மாத்திரையைப் போட்டார், ஒரு டீ குடித்தார், போய்விட்டார். பத்தரை மணிக்கு கட்டிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தவருக்கு உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கை நடுங்கியிருக்கிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார். கட்டிங் மெஷின் கையில் ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள், "மாஸ்டர் காலங்காத்தாலயே தண்ணி போட்டுட்டாரு" என்று சொல்லி வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வாழ்நாளில் குடியைத் தொடாத மனிதர். செக்கிங்கில் வேலை செய்யும் ஒரு அம்மிணிதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் இப்படித்தானுங்க ஆகும்" என்று டீயில் நாலு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் குடிக்க வைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அந்த அம்மிணி அன்று லீவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

அந்த மாத்திரையின் பெயர் கிளிமிபிரைடு. திருப்பூரில் சுகர் உள்ள பலர் பையில் அது இருக்கும், பெரும்பாலும் மெட்ஃபார்மினோடு சேர்த்து ஒரே மாத்திரையாக. கெட்ட மருந்து என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விலை குறைவு, சர்க்கரையை நன்றாகக் குறைக்கும், அரசு மருத்துவமனையிலும் கிடைக்கும். அது வேலை செய்யும் விதத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சோறு இருக்கிறதா, வெறும் டீ இருக்கிறதா என்று அது பார்க்காது. போட்டுவிட்டால் நாள் முழுக்க அதன் வேலை நடந்துகொண்டே இருக்கும். எட்டு மணிக்கு இட்லி சாப்பிடுகிற ஆசிரியருக்கு அது நல்ல மாத்திரை. பதினோரு மணி டீ டைமில் ஒரு பன்னும் போண்டாவும்தான் முதல் சாப்பாடு என்று இருக்கிற பவர் டேபிள் டெய்லருக்கு அதே மாத்திரை ஆபத்தாகிவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த கிளிபென்கிளமைடு இன்னும் கடுமையானது. 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது ஏற்றதில்லை என்று உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறித்திருக்கிறார்கள். வீட்டில் வயதான அப்பாரோ அம்மாயியோ பழைய சீட்டை வைத்து இன்னும் அதையே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தால், இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

சுகர் இறங்கிப்போனால் என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 70க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று பொருள். சுகர் பார்க்கும் மெஷின் கையில் இல்லையென்றால் அறிகுறியை வைத்தே முடிவு செய்யுங்கள்: திடீர் வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி, பேச்சுத் தடுமாற்றம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்தும் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்த பிறகு கட்டாயம் சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். இன்னொன்று: வோக்லிபோஸ் என்ற மருந்தும் சேர்த்து எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் ஏறாது, குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனியிலும் முதலுதவிப் பெட்டியில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் கிடக்கட்டும். சூபர்வைசர்கள் இங்கே சிலர் வந்திருக்கிறீர்கள், உங்களைத்தான் கும்பிட்டுக் கேட்கிறேன். வேர்த்து நடுங்குகிற மனிதனைப் பார்த்தால் வாயை முகர்ந்து பார்ப்பதற்கு முன், "உங்களுக்குச் சுகர் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிற தம்பிகளுக்கும் இதை யாராவது அவர்கள் மொழியில் சொல்லிக் கொடுங்கள்.

சரி, மெட்ஃபார்மினுக்கு வருவோம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கும் மருந்து இதுதான். 1922இல் டப்ளினில் இதை முதலில் தயாரித்தார்கள், யாரும் கவனிக்கவில்லை. 1957இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துப் பலனை வெளியிட்டார். இந்த மருந்துக்கு வழிகாட்டியது ஐரோப்பாவில் வளரும் ஒரு செடி. பழங்காலத்திலிருந்தே அங்கே நாட்டு வைத்தியத்தில் இருந்த செடி. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டு நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. பருமனான சர்க்கரை நோயாளிகளில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்திருந்தன. கணையத்தைத் துரத்தாமல், ஈரல் கொட்டும் சர்க்கரையைக் குறைக்கிற மருந்து என்பதால் தனியாக எடுத்தால் சுகரைப் பாதாளத்துக்கு இறக்காது. மலிவு விலை. ஒன்றரை ஷிப்ட்காரருக்கு இதைவிட நல்ல தோழன் இல்லை.

இருந்தும் நம்மூரில் இதன்மேல்தான் பழி அதிகம். "மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்துடும்னு சொல்றாங்களே" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. இதை ஒருமுறை தெளிவாகச் சொல்கிறேன். கிட்னியைக் கெடுப்பது சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும். கிட்னி ஏற்கெனவே மிகவும் பழுதாகிவிட்டால் இந்த மருந்து வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கும், அதனால் டாக்டர் நிறுத்துவார். நிறுத்தியதைப் பார்த்த சொந்தக்காரர்கள், மாத்திரையால்தான் கிட்னி போனது என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அதைக் கேட்டு நன்றாக இருக்கிற இன்னொருவர் மாத்திரையை விட்டுவிட்டு, ஐந்து வருடம் கழித்து உண்மையிலேயே கிட்னி கெட்டு டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிறார். இப்படிப் போனவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதில் உண்மையான தொல்லை இரண்டு. ஒன்று, ஆரம்பத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டோடு போட்டால் பெரும்பாலானோருக்குப் பழகிவிடும். எஸ்ஆர் என்று போட்ட மாத்திரை இன்னும் சாந்தமாக இருக்கும். அதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. இரண்டாவது, பல ஆண்டு எடுத்தால் சிலருக்கு பி12 சத்து குறையும். கால் மரத்துப்போகும், எரியும். சுகரால் நரம்பு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுவார்கள். நாள் முழுக்க மெஷின் பெடலில் கால் வைத்திருக்கும் டெய்லருக்குக் கால் மரத்துப்போனால் பிழைப்பே போகும். பல வருடமாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் பி12 பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்ததாக, கடந்த சில ஆண்டுகளில் நம் கைக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கிற இரண்டு மருந்துக் குடும்பங்கள். ஒரு சின்னக் கணக்கு சொல்லித் தருகிறேன். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் மருந்தின் சொந்தப் பெயர் இருக்கும். அந்தப் பெயரின் வாலைப் பாருங்கள். கிளிப்டின் என்று முடிந்தால் ஒரு குடும்பம், கிளிஃப்ளோசின் என்று முடிந்தால் இன்னொரு குடும்பம்.

கிளிப்டின் குடும்பத்தில் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், லினாகிளிப்டின் எல்லாம் வரும். இவை சாப்பாடு உள்ளே போகும்போதுதான் வேலையைத் தொடங்கும். எனவே சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் மளமளவென்று இறங்கும் ஆபத்து மிகக் குறைவு, எடையையும் ஏற்றாது. வில்டாகிளிப்டினுக்கு 2019 டிசம்பரிலும் சிட்டாகிளிப்டினுக்கு 2022 ஜூலையிலும் இந்தியாவில் காப்புரிமை முடிந்து, நம்மூர்க் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை சரிந்தது. டெனெலிகிளிப்டினை 2022இல் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலைக்காரர் யாராக இருந்தாலும், "கிளிமிபிரைடுக்குப் பதிலா இது எனக்குச் சரிப்படுங்களா?" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். என் அண்ணனுக்கும் அப்படித்தான் மாற்றினார்கள்.

கிளிஃப்ளோசின் குடும்பத்தைப் பற்றிப் பேசும்போது பெண்களே, நீங்கள் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இவை ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், கிட்னி கெடத் தொடங்கியவர்கள் ஆகியோருக்கு இது பெரிய வரம். 2015இல் வந்த எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வில், இதய நோய் உள்ள சர்க்கரைக்காரர்களிடம் இதயத்தால் வரும் மரணம் 38 சதவீதம் குறைந்தது. 2025 மார்ச் வரை அந்த மருந்தின் ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது. அந்த மாதம் காப்புரிமை முடிந்தது, பத்து ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. மாதம் 1,800 ரூபாய் எங்கே, 300 ரூபாய் எங்கே! பழைய விலையைக் கேட்டுப் பயந்து வேண்டாம் என்று வந்தவர்கள் திரும்பப் போய்க் கேளுங்கள்.

இந்த மாத்திரை போட்டால் அடிக்கடி சிறுநீர் போக வேண்டும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பெண் ஷிப்டில் எத்தனை முறை எழுந்து போக முடியும்? பீஸ் ரேட்டில் எழுந்து போகிற ஒவ்வொரு முறையும் காசு. நூறு பேருக்கு எத்தனை கழிப்பறை, அதில் தண்ணீர் வருகிறதா? இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெண்களை இந்த ஊரில் எனக்குத் தெரியும். அவர்களுக்கு இந்த மருந்தால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு, தலைசுற்றல் எல்லாம் வரலாம். வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டார்கள், சத்தமில்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அயனிங்கிலும் சாயப்பட்டறையிலும் அனலில் நிற்கிற ஆண்களுக்கும் உடம்பில் தண்ணீர் வற்றிப்போகும். ஆக ஒரு பெண்ணுக்கு இந்த நல்ல மருந்து பலிக்குமா என்பதைக் கம்பெனிக் கழிப்பறையும் சேர்ந்து முடிவு செய்கிறது. கழிப்பறை கேட்பது வசதி கேட்பது என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். மருத்துவம் கேட்பது என்று நான் சொல்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் இன்னும் இரண்டு எச்சரிக்கை. ஆபரேஷன் என்றால் மூன்று நான்கு நாள் முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். வாந்தி, மூச்சு வாங்குதல், வயிற்று வலி வந்தால் சுகர் அதிகமில்லை என்று காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். கருவுற்ற பெண்கள் இந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

இன்சுலின். இந்தச் சொல்லைச் சொன்னதுமே சில முகங்கள் மாறுவது மேடையிலிருந்து தெரிகிறது. "ஊசி போட ஆரம்பிச்சா அவ்வளவுதான்" என்ற பேச்சு நம்மிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அந்த ஊசி வந்த கதையைக் கேளுங்கள். 1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோ நகரத்தில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையன் எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்தான். மனிதருக்கு இன்சுலின் செலுத்தியது அவனுக்குத்தான் முதலில். முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. சுத்தப்படுத்தி இரண்டு வாரத்துக்குள் மறுபடி கொடுத்ததும் பிழைத்தான். அதற்கு முன்னால் முதல் வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தை நீண்ட நாள் பிழைப்பது மிக அரிது. கண்டுபிடித்தவர்கள் இன்சுலின் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். சாவின் அடையாளமாக நாம் நினைக்கிற அந்த ஊசி, சாவிலிருந்து குழந்தைகளை மீட்க வந்த ஊசி.

இரண்டாம் வகையிலும் கணையம் வருடக்கணக்கில் களைத்துப்போனால் ஊசி தேவைப்படும். அது உங்கள் தோல்வி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சிரிஞ்சில் மட்டும் கவனம் தேவை. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. 40 பாட்டிலை 100 சிரிஞ்சில் ஏற்றினால் மருந்து பாதிக்கும் குறைவாகப் போகும். 100 பாட்டிலைச் சிவப்பு மூடியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு போகும், உயிருக்கே ஆபத்து. பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண் பார்த்த பிறகுதான் ஊசி போட வேண்டும்.

தகர ஷீட் போட்ட லைன் வீட்டில் இருக்கிறோம், ஃப்ரிட்ஜ் இல்லை, இன்சுலினை எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். ஒரு மண்பானையில் தண்ணீர் ஊற்றி, உள்ளே சின்னப் பாத்திரத்தில் பாட்டிலை நனையாமல் வைத்து மூடி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தால் போதும். திறந்த பாட்டிலை நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் இருப்பவர்கள் ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலின் குப்பைக்குத்தான்.

எடை குறைக்கும் வாராந்தர ஊசிகளைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். செமாகுளுடைடு, டிர்செபடைடு நல்ல மருந்துகள்தான். செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அழகுக்காகப் போன் பார்த்து வாங்கிப் போடுகிற மருந்து கிடையாது, டாக்டர் இல்லாமல் தொடாதீர்கள். இதற்கு மேல் இன்று அதில் நேரம் செலவிட விரும்பவில்லை.

சிறுகுறிஞ்சானையும் ஆவாரம்பூவையும் பற்றிக் கேட்டு மூன்று சீட்டு வந்திருக்கிறது. சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் இனிப்பு தெரியாது, எல்லோரும் சின்ன வயதில் செய்து பார்த்திருப்போம். அந்தச் செடிகளில் குணம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. பெயரில்லாப் பொட்டலத்தில், "பதினஞ்சே நாளில் சுகர் போயிடும், இங்கிலீஷ் மருந்தை நிறுத்திடுங்க" என்று விற்கிறார்களே, அதற்குத்தான் மறுப்புச் சொல்கிறேன். முதல் வகை நோய் உள்ள குழந்தைக்கு அந்தப் பேச்சை நம்பி இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் குழந்தை போய்விடும். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் படித்த சித்த மருத்துவரிடம், எடுத்துக்கொண்டிருக்கிற மாத்திரையையும் சொல்லி, கேட்டு எடுங்கள்.

சுகர் இன்னும் வராமல் எல்லையில் நிற்பவர்களுக்கு நம் சென்னையிலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது. 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் தொடங்கிய சர்க்கரை நோய்ப் பிரிவிலிருந்து வளர்ந்த மரபு அது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. நடையும் உணவு மாற்றமும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4 சதவீதம் குறைத்தது. நடந்தவர்களுக்கு மருந்துக்காரர்களைவிட ஒரு துளியும் குறைவில்லாத பலன். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023இல் வந்த தேசிய ஆய்வு சொல்கிறது. இந்தக் கூடத்தில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே வாங்குவது? சம்பளத்தில் 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு அது உரிமை, சலுகை என்று நினைத்துக் கூசாதீர்கள். அங்கே கிடைக்கும் மருந்து உங்கள் காசில் வருவது. காண்ட்ராக்டில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களில் பலருக்கு அந்த அட்டையே கிடையாது என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும். பகலில் வீடு பூட்டிக் கிடக்கிற நம் தெருக்களில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அம்மா யாரிடம் கொடுப்பார்? பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லி வையுங்கள். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்திலும் அதே மருந்து பல மடங்கு குறைவான விலையில் கிடைக்கிறது. பெட்டி வேறு, உள்ளே இருக்கும் மருந்து அதுவே.

இதில் ஒரு விபத்தையும் சொல்லிவிட வேண்டும். என் உறவுப் பெண் ஒருவர் அரசு மருத்துவமனையில் ஒரு மாத்திரை வாங்கினார், கால் புண்ணுக்குப் போன இன்னொரு இடத்தில் வேறு நிறத்தில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். இரண்டையும் ஒரு மாதம் போட்டிருக்கிறார். இரண்டிலும் இருந்தது கிளிமிபிரைடு. ராத்திரியில் நினைவு தப்பிய பிறகுதான் தெரிந்தது. அட்டையின் சின்ன எழுத்தை ஒருவரும் படிக்கவில்லை.

அதனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "சார், எனக்கு முதல் சாப்பாடு பதினோரு மணிக்குங்க. வாரத்துல ரெண்டு நாள் நைட் வேலைங்க. மெஷின்ல கை வச்சிருக்கற வேலைங்க. மாசம் மருந்துக்கு இவ்வளவுதாங்க முடியும்." நாலு வாக்கியம். அதைக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் சீட்டை வேறு மாதிரி எழுதுவார். விரதம் இருப்பவர்கள், ரம்ஜான் நோன்பு பிடிப்பவர்கள் அதையும் முன்கூட்டிச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பலர் கையில் மஞ்சப்பை தெரிகிறது, சந்தோஷம். அந்த ஓரத்து மேஜையில் பூதக்கண்ணாடியோடு உட்காரப் போகிறேன். ஒவ்வொருவருக்கும் சின்ன எழுத்துப் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தருகிறேன். சாப்பாட்டு நேரத்தையும் அதிலேயே எழுதிவிடுவோம், டாக்டரிடம் அப்படியே நீட்டலாம். வயதானவர்கள் முதலில் வாருங்கள். இரவு எத்தனை மணியானாலும் கடைசி ஆள் வரைக்கும் இருப்பேன்.